வைத்திலிங்கம் மடை

1

மருத்துவமனைச் சமையலறையில் பாத்திரம் கழுவுவது என் வேலை. போன மாதம் ஒரு நாள் மதியம் வேலை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் பாலு நின்றுகொண்டிருந்தான். வைத்திலிங்கத்தின் மகன். வரிச்சிக்குடியில் அவர்கள் எங்களுக்கு அடுத்த தெரு. துலூஸ் நகரத்துக்கு அப்பால் இருக்கும் இந்தப் பிரெஞ்சுச் சிற்றூரிலும் அடுத்த தெருதான்.

"அண்ணே, வர்ற ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு மொதல் தெவசம். லீவு இல்லேன்னு சொல்லிடாதீங்க."

"வர்றேன் பாலு."

"இன்னொண்ணு காட்டணும், பாருங்க" என்று கையில் இருந்த சுருளை விரித்தான். இந்தச் சிற்றூர் ஆற்றின் வரைபடம். நகரமன்றச் சுவரில் குளிர்காலம் முழுக்கத் தொங்கியதன் பிரதி. ஆறு நீலமாக வளைந்து போகிறது. ஒரு வளைவில் பெரிய சிவப்பு வட்டம். அதன் பக்கத்தில் பிரெஞ்சு எழுத்தில் 'வைத்திலிங்கம்'.

"அப்பா பேருண்ணே. இங்கயே பொறந்தவனுக்குக்கூட வைக்க மாட்டான். பட்டாளத்துல இருந்தவருன்னு ஒரு மரியாதை, பாத்தீங்களா? கண்ணாடி போட்டு, படத்துக்குப் பக்கத்துலயே மாட்டப்போறேன்."

வரைபடத்தின் அடியில் சிறிய எழுத்தில் சில வரிகள் இருக்கின்றன. பாலுவுக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும். ஆனால் அப்பா பெயரைப் பார்த்த பிறகு கண் அதற்குக் கீழே இறங்கவில்லை போலிருக்கிறது.

"நல்லா இருக்கு" என்றேன்.

அந்தப் பெயரை அங்கே வைத்தவன் நான். மரியாதைக்காக வைக்கவில்லை. எதற்காக வைத்தேன் என்று இங்கே யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் எழுத்து ஓரளவு வரும். இதைப் படிக்கிறவர்களில் வரிச்சிக்குடி வாய்க்காலைத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

2

எங்கள் வயலுக்கு ஒரே வாய்க்கால்தான். காவிரித் தண்ணீர் வருவதும் அதில்தான், மழைத் தண்ணீர் வடிவதும் அதில்தான். முதலில் வைத்திலிங்கத்தின் வயல்கள், பிறகு நாலைந்து பேருடையது, கடைசியில் எங்களுடையது. அதற்கப்புறம் ஒரு மதகு. மதகைத் தாண்டிவிட்டால் தண்ணீர் கடல் பக்கம் போய்விடும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த வாய்க்காலில் வெங்காயத்தாமரை வந்தது. முதல் வருஷம் ஊதாப்பூவைப் பிள்ளைகள் பறித்து விளையாடினார்கள். அடுத்த வருஷம் தண்ணீரே கண்ணில் படவில்லை. ஊரில் கூடிப் பேசி ஒரு கட்டுப்பாடு வைத்தோம். ஐப்பசி மழைக்கு முன்னால் அவரவர் வயலோரத்து வாய்க்காலில் இறங்கிச் செடியை இழுத்துக் கரையில் போட்டுக் காயவிட வேண்டும். தண்ணீரோடு தள்ளிவிடக் கூடாது. அது வெட்டினால் சாகிற செடி இல்லை. போய்ச் சேருகிற இடத்தில் மறுபடி மண்டும்.

எங்கள் பக்கம் முன்பு பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பகுதி. வைத்திலிங்கம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். ஊரில் அவரை 'சொல்தா' என்றுதான் சொல்வார்கள், பிரெஞ்சில் சிப்பாய். பென்ஷன், கைக்கடிகாரம், குடை. அவரைக் கண்டு தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுகிற காலம் அப்போதே போய்விட்டிருந்தது. என் அப்பா மட்டும் கட்டினார்.

அந்த வருஷம் வைத்திலிங்கத்தின் ஆட்கள் இரண்டு பேர் அரிவாளால் செடியைக் கட்டுக் கட்டாக வெட்டி மூங்கில் கழியால் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகலில். அப்பாவும் நானும் வரப்பு வழியாக நடந்து அவரிடம் போனோம்.

"என்னங்க இது, கரையில இழுத்துப் போடச் சொல்லக் கூடாதுங்களா? எல்லாம் எங்க மதகுலல்ல வந்து அடைச்சுக்கும்" என்றார் அப்பா.

வைத்திலிங்கம் குடையை மடக்கவில்லை. "ஏன்யா, மேலேருந்து தண்ணி வந்தா மட்டும் வாங்கிக்கிறல்ல? கடைசி வயக்காரன் வர்றதை வாங்கிக்கணும்."

ஆட்கள் சிரித்தார்கள். அவர்களுக்குச் சோறு கொண்டுவந்திருந்த அலமேலு அத்தை, வைத்திலிங்கத்தின் மனைவி, கூடையோடு பின்னால் நின்றார். அவர் சிரிக்கவில்லை.

அப்பாவும் நானும் முடிந்த மட்டும் இழுத்துப் போட்டோம். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. செடி மதகில் சுவர் மாதிரி அடைத்து நின்றது. எங்கள் சம்பா நடவு தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்து அழுகியது. அந்த வாடையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்பா ஓர் அலுவலகத்துக்குப் புகார் சொல்லப் போனார். எந்த அலுவலகம் என்பது இப்போது வேண்டாம். அங்கிருந்த எழுத்தர் நல்லவிதமாகத்தான் பேசினார்.

"வாய்க்கா பேரை எழுதிக்கலாம். செடி பேரை எழுதிக்கலாம். யாரு தள்ளுனான்னு எழுத இதுல எடம் இல்லியே பெரியவரே. செடி மேல என்ன, பேரா பொறிச்சிருக்கு?"

அப்பா கும்பிட்டுவிட்டு வந்தார். மறு வருஷமும் இதேதான். அதற்கடுத்த வருஷம் கடனில் எங்கள் வயல் வைத்திலிங்கத்திடமே போய்விட்டது. அவர் கைக்குப் போன பிறகு மதகில் ஒரு செடி நிற்கவில்லை. ஆள் வைத்து இழுத்துக் கரையில் போட்டார். அந்த அறுவடைக்கு அப்பா அதே வயலில் கூலிக்கு இறங்கிக் கதிர் அறுத்தார். வரப்பில் குடை நின்றது.

3

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் எனக்குப் பெண் அமைந்தது. அப்படித்தான் இந்த நாட்டுக்கு வந்தேன். மைத்துனர் இந்த ஊரில் இருந்தார், நானும் இங்கேயே வந்தேன். கொஞ்ச நாளில் பாலுவுக்கும் இங்கே வேலை கிடைத்தது. அவன் தன் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். கடல் தாண்டி வந்தும் அந்தக் குடை எனக்கு மேற்கில் இரண்டு நிமிட நடையில் இருந்தது.

இங்கே காகிதம் போடும்போது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்று சொல்லத் தெரியாமல் விழித்தேன். கவுன்டரில் இருந்த பெண் அப்பா பெயரையே அந்த இடத்தில் எழுதிவிட்டாள். கலியபெருமாள். வேலையிடத்தில் அது முழுதாக யார் வாயிலும் நுழையவில்லை. 'மிஸ்யே காலியா', அதாவது காலியா ஐயா, என்று கூப்பிடுகிறார்கள். முதலில் திரும்பிப் பார்க்க மாட்டேன். யாரோ அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று இருக்கும்.

வைத்திலிங்கம் ஆற்றை ஒட்டி நகரமன்றம் கொடுக்கிற தோட்டத் துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டார். ஒரு கோடையில் எங்கள் ஆட்கள் வீடுகளுக்கெல்லாம் ஒரு கீரைக்கட்டு வந்தது. அவரே கொண்டுவந்தார்.

"பொன்னாங்கண்ணி" என்றார் என் மனைவியிடம். "ஆத்தோரத்துல கெடந்துச்சு. நான்தான் கண்டுபுடிச்சேன். தோட்டத்துல வச்சிருக்கேன், எப்ப வேணுமோ சொல்லியனுப்பு. ஒன் வீட்டுக்காரனுக்கு நெறைய ஆக்கிப் போடு, கண்ணுக்கு நல்லது. அவனுக்குத்தான் எதிர்ல வர்றவங்க யாருன்னு தெரியறதில்லையே."

நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். தெருவில் அவரைக் கண்டால் நான் ஒதுங்கிப் போவதைத்தான் சொன்னார்.

சிறுபருப்பு போட்டுச் சமைத்தாள். தண்டு கொஞ்சம் பெரிது, உள்ளே குழாய் மாதிரி இருந்தது. ருசி ஏதோ ஒன்று குறைந்தது. எத்தனையோ வருஷம் கழித்துப் பொன்னாங்கண்ணி கிடைத்த சந்தோஷத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை. தொட்டியில் வைத்து வளர்த்தார்கள். ஊருக்குப் போன் பேசும்போது பிரான்சில் பொன்னாங்கண்ணி கிடைக்கிறது என்று பெருமையாகச் சொன்னார்கள்.

4

மருத்துவமனையில் நோயாளிகளுக்கு உணவுத் திட்டம் போடுகிற ஓர் அம்மாள் இருக்கிறார். எல்லோரும் மதாம் என்பார்கள், நானும் மதாம் என்றே எழுதுகிறேன். நான் மதியச் சாப்பாட்டை ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் எங்களோடு நடக்கலாமே என்று கேட்டார். ஆற்றிலும் சதுப்பிலும் வெளியிலிருந்து வந்து பரவும் செடிகளைத் தேடி நடக்கிற சங்கம் அது. சம்பளம் கிடையாது. எங்கே எந்தச் செடியைப் பார்த்தோம் என்று ஓர் அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். ரப்பர் பூட்ஸ் அவர்களே தருவார்கள். நடக்கும்போது யாரும் அதிகம் பேச மாட்டார்கள் என்றதும் நான் ஒப்புக்கொண்டேன்.

முதல் அட்டையிலேயே தப்பு செய்தேன். செடி ஆற்றின் எந்தக் கரையில் என்று கேட்டிருந்தது. வலது கரை என்று சொன்னேன். அடுத்த வாரம் ஒரு கூட்டமே வலது கரையில் காலை முழுக்கத் தேடிவிட்டுச் சேறும் சகதியுமாகத் திரும்பியது. இந்த ஊரில் தண்ணீர் போகிற திசையைப் பார்த்து நின்றுகொண்டுதான் வலது, இடது சொல்வார்களாம். நான் தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து நின்று சொல்லியிருக்கிறேன். கடைசி வயல்காரன் வேறு எந்தப் பக்கம் பார்த்து நிற்பான்?

ஒரு நாள் மதாம் காய்ந்த செடி ஒன்றைத் தாளில் ஒட்டிக் கொண்டுவந்தார். தென்னமெரிக்கச் செடி, இந்தப் பக்கத்து ஆறுகளில் தலைகாட்டுகிறது, ஒரு கணு தண்ணீரில் விழுந்தாலே முளைத்துப் படர்ந்துவிடும், பார்த்தால் உடனே சொல்லுங்கள் என்றார். வெள்ளைப் பூ ஒரு காம்பின் நுனியில் உருண்டையாக இருந்தது. பொன்னாங்கண்ணிக்குப் பூ காம்பில்லாமல் கணுவோடு ஒட்டி இருக்கும். மற்றபடி அதே இலை. தண்டு குழாயாக இருக்கும் என்றார் மதாம்.

எங்கள் வீட்டுத் தொட்டி நினைவுக்கு வந்தது. அப்புறம் தோட்டம் நினைவுக்கு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்களைத் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் ஆற்று வளைவுக்குக் கூட்டிப்போனேன். வளைவு முழுக்கப் பச்சை. தோட்டத்து ஓரத்தில் வைத்திலிங்கம் நின்றார். முற்றிய தண்டுகளை அறுத்துக் குவித்து, அந்தக் குவியலை வாருகோலால் ஆற்றில் தள்ளிக்கொண்டிருந்தார். அன்று கழியை ஆட்களிடம் கொடுத்திருந்தார். இன்று கோல் அவர் கையிலேயே இருந்தது.

என்னைப் பார்த்துவிட்டார். "யாரு, கோவிந்தா? வெள்ளைக்காரங்களோட எங்கய்யா ஊர்கோலம்? கீரை வேணுமா?"

"இருக்குங்க மாமா" என்றேன். நாக்கு அப்படித்தான் பழகியிருந்தது.

மதாம் அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னார். இது நீங்கள் நினைக்கிற கீரை இல்லை, பிடுங்கிக் காயவைத்து எரித்துவிடுங்கள் என்றார். வைத்திலிங்கம் பட்டாளத்துப் பிரெஞ்சில் சரி சரி என்றார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தோம். சொன்னபடி எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தார். பிடுங்கியதை ஆற்றில் விட்டிருந்தார். தண்ணீரில் விட்டது போய்விட்டது என்பது அவர் கணக்கு. எங்கே போனது என்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

5

அட்டை நிரப்புவது என் மகள் கலா. எனக்குப் பிரெஞ்சு பேச வரும், எழுத வராது. அவளுக்குத் தமிழ் புரியும். பதில் பெரும்பாலும் பிரெஞ்சில் வரும். இந்த அட்டை விஷயத்தில் மட்டும் எதிரே உட்கார்ந்து தமிழில் பேசுவாள், எனக்கு அதிலும் ஒரு ஆசை.

"எழுதும்மா. செடியைத் தள்ளுனது வைத்திலிங்கம்."

"அதுக்கு இதுல இடம் இல்லப்பா."

"ஓரத்துல எழுது."

"செடி, தண்ணி எவ்ளோ ஆழம், எந்தக் கரை, எவ்ளோ அகலம். அவ்ளோதான் கேக்கறாங்க. ஆள் பேரு கேக்கல."

திங்கட்கிழமை மதாமிடமே கேட்டேன். நாங்கள் செடியைத்தான் சொல்கிறோம் மிஸ்யே காலியா, மனிதர்களைச் சொல்வதில்லை என்றார். அவரும் நல்லவிதமாகத்தான் சொன்னார். நான் பாத்திரம் கழுவப் போனேன். அன்று முழுக்க எழுத்தரின் குரல்தான் காதில் இருந்தது.

சாயங்காலம் கலா அட்டையை எடுத்து மறுபடி படித்தாள். "இந்த எடத்துக்குப் பேரு என்னன்னு கேட்டிருக்கு. மேப்புல பேரு இல்லாத எடம்னா உள்ளூர்க்காரங்க எப்படிச் சொல்லுவாங்களோ அதை எழுதலாமாம். அந்த வளைவுக்கு என்ன பேரு?"

என் வாயில் தானாக வந்தது. "வைத்திலிங்கம் மடை."

"மடைன்னா?"

"வாய்க்கால்லேருந்து வயலுக்குத் தண்ணி விடற தெறப்பு."

"அங்க வயலே இல்லியேப்பா. யாரு அப்படிச் சொல்றா?"

"நான் சொல்றேன்."

"நீ ஒரு ஆள் சொன்னாப் போதுமா?"

"உள்ளூர்க்காரன்னுதானே கேட்டிருக்கு? நான் உள்ளூர்க்காரன்தான்."

சிரித்துவிட்டாள். மடை வேண்டாம், யாருக்கும் புரியாது என்று 'வைத்திலிங்கம்' என்பதை மட்டும் எழுதினாள். அதற்குப் பிறகு அந்த வளைவில் பார்த்த ஒவ்வொரு செடிக்கும் அட்டை போட்டேன். எல்லா அட்டையிலும் அந்தப் பெயர். ஒரே இடத்திலிருந்து அத்தனை அட்டை வந்ததால் சங்கத்தார் அதையே பெரிய வட்டமாகப் போட்டார்கள். போன ஆனியில் வைத்திலிங்கம் இறந்தார். போனேன், மாலை போட்டேன், அழவில்லை. குளிர்காலத்தில் வரைபடம் அச்சாகி நகரமன்றச் சுவருக்கு வந்தது. ஆற்றைக் கெடுக்கும் செடிகள் இருக்கும் இடங்கள் என்று அடியில் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். தினம் வேலைக்குப் போகும்போது சுற்றிப் போய் அதைப் பார்த்துவிட்டுப் போனேன். அப்பாவைக் கூட்டிவந்து காட்ட முடியவில்லையே என்ற குறை ஒன்றுதான். ஊருக்கே முன்னால், எழுதக் கூடாத பெயரை எழுதி வைத்தாயிற்று.

பாலு வந்து சுருளை விரிக்கும் வரை அந்த நிம்மதி இருந்தது.

6

தெவசத்துக்குப் போனேன். மாலை போட்ட படம், பக்கத்தில் கண்ணாடிக்குள் வரைபடம், இரண்டுக்கும் சந்தனம் குங்குமம். வந்தவர்கள் எல்லாம் கிட்டப் போய்ப் பெயரைப் படித்துவிட்டு வந்தார்கள்.

"ஊர்ல சிலை வைப்பான், அதுல காக்கா ஒக்காரும். இது நெலைச்சு நிக்கும்" என்றார் ஒரு பெரியவர். நான் வைத்த சூடு அங்கே பொட்டு வைத்துக்கொண்டு நின்றது.

"கோவிந்தண்ணன் அங்கயேதான் சுத்துவாரு" என்றான் பாலு எல்லோரிடமும். "எடம் எப்படி இருக்கும், சொல்லுங்கண்ணே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லியிருக்கலாம். முதல் வார்த்தை வரைக்கும் வாயில் வந்தது. "பச்சைப் பசேல்னு இருக்கும்" என்றேன். தலையாட்டினார்கள்.

கை கழுவப் பின்பக்கம் போனபோது அலமேலு அத்தை தண்ணீர்ச் செம்போடு வந்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, எழுத்தே தெரியாது.

"கோவிந்து, அங்க என்ன மண்டிக் கெடக்கு?"

"மாமா வச்ச கீரைதான் அத்தை."

செம்பைக் கீழே வைத்தார். "அந்தப் பேரு நீ வச்சதா?"

"ஆமாங்க அத்தை."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒங்கப்பா வரப்புல நின்னு கேட்டாரே, அன்னைக்கு நான் கூடையோட நின்னேன். கரையில இழுத்துப் போடச் சொல்லுங்கன்னு வீட்டுல வந்து சொன்னேன். அந்தக் கடைசி வயலு எனக்கு வேணும், அதான் தள்ளுறேன்னாரு. தெரியாம பண்ணலை. தெரிஞ்சேதான் பண்ணாரு."

இருபது வருஷம் நெருங்கப் போகிறது. இதை ஒருவர் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். கேட்டதும் நெஞ்சு ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. தெரிந்தே செய்தார் என்று தெரிந்ததும் இன்னும் எரிந்தது.

"செடியைப் பூரா எடுத்துட்டா மேப்புலேருந்து பேரு போயிருமா?" என்று கேட்டார்.

"போயிரும். எடம் சுத்தமாச்சுன்னா அடுத்த தடவை போட மாட்டாங்க."

"பாலு சந்தோசமா இருக்கான். பேரன் அதைக் காட்டி ஸ்கூல்ல சொல்லிக்கிறான்." செம்பை எடுத்து என் கையில் தண்ணீர் ஊற்றினார். "பாத்துக்க தம்பி."

அந்தப் பெயரை அப்படியே விட்டுவிடு என்று அவர் கேட்டார். எனக்குப் புரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

7

அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. பாலு மேலும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் இந்த ஆற்றில் சந்தனம் பூசிக்கொண்டு நிற்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இந்த முறை அட்டை வேண்டாம், செடியை எடுத்துவிடலாம் என்று போன வாரமே மதாமிடம் நானாகச் சொல்லியிருந்தேன். நான் ஒரு வேலையைச் செய்யலாம் என்று சொல்வது இதுவே முதல் தடவை என்பதால் ஆச்சரியப்பட்டு, சங்கத்தில் சொல்லி, ஆட்களோடு வந்தார். ஒரு கோடையில் முடிகிற வேலை இல்லை என்றும் சொன்னார். எத்தனை கோடையானாலும் எனக்குச் சரி.

மற்றவர்கள் கீழிருந்து தொடங்கினார்கள். நான் வளைவின் தலைப்பில் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர். ஒவ்வொரு கொடியையும் கணுக்கணுவாகத் தடவி, வேர் வரை கையை விட்டுப் பிடுங்கினேன். ஒரு துண்டையும் தண்ணீரில் விடவில்லை. பிடுங்கியதையெல்லாம் கரையில் தூக்கிப் போட்டேன், வெயிலில் காயட்டும் என்று. அவருடைய பங்கை அவர் ஒரு தடவை இப்படிச் செய்திருந்தால் போதும், நான் இந்த நாட்டுக்கே வந்திருக்க மாட்டேன்.

நேரம் போனது தெரியவில்லை. கீழே இருந்தவர்கள் பூட்ஸைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். மதாம் கரையில் நின்று கையை வாயருகே வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"மிஸ்யே காலியா, இன்னும் இருக்கிறதா?"

யாரோ அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. நான் திரும்பவில்லை. தண்ணீர் வருகிற பக்கம் பார்த்தபடியே, "இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தேன்.